பதில்: கம்யூட் செய்தபின் டிஆர் எந்தத் தொகைக்கு?

வணக்கம் சார். அப்பாவின் அடிப்படை ஓய்வூதியம் 30,000. அதில் 40 சதவீதத்தைக் கம்யூட் செய்தபின், அதாவது அந்தப் பங்குக்கு ஈடாக ஒரு மொத்தத் தொகையை முன்கூட்டியே வாங்கிக்கொண்டபின், 18,000. வங்கி அந்த 18,000-க்கு மட்டும் அகவிலை நிவாரணம் (டிஆர்) கணக்கிடுகிறது, இது சரியா என்று கேட்டிருந்தீர்கள்.

சரியில்லை. மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு, கம்யூட் செய்வதற்கு முந்தைய முழு அடிப்படைத் தொகைக்குத்தான் டிஆர். 2025 ஜூலை விகிதம் 58 சதவீதம். அந்தக் கணக்குப்படி, 17,400 வர வேண்டிய இடத்தில் 10,440 வருகிறது. மாதம் 6,960 ரூபாய் சார், வயதானவர்களுக்கு மருந்துச் செலவே அதில் நடந்துவிடும்.

இங்கே டெல்லி மயூர் விஹாரில் என் மாமனாருக்கும் இதே தவறு நடந்தது. பாஸ்புக்கில் எல்லாம் சேர்ந்து ஒரே வரியாக வரும், பார்த்தால் எதுவும் புரியாது. வங்கியில் ஓய்வூதியச் சீட்டு கேட்டு வாங்கினோம். அதில் டிஆர் தொகையைப் பென்சிலால் வட்டமிட்டு, பிபிஓ (ஓய்வூதியம் வழங்கும் ஆணை) நகலில் உள்ள முழு அடிப்படைத் தொகையையும் குறித்து, இரண்டையும் மனுவோடு இணைத்தோம். வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். கணக்குப் போடுவது கிளை அல்ல, வங்கியின் மைய ஓய்வூதியப் பிரிவு. மனு அங்கே போய்ச் சேர வேண்டும். பதில் வராவிட்டால் மத்திய அரசின் ஓய்வூதியப் புகார் தளமான சிபென்கிராம்ஸில் புகார் பதியுங்கள்.

நிலுவையை மறக்காமல் கேளுங்கள், தவறு தொடங்கிய மாதத்திலிருந்தே. அப்புறம், ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இரண்டு முறை விகிதம் மாறும். ஒவ்வொரு முறையும் 30,000-ஐ வைத்தே பெருக்கிப் பாருங்கள்.