இரண்டரை மணி நேர வீடியோ, ஒரே டிவிடி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: குடும்ப விழா வீடியோவை எடிட் செய்து எம்பி4 ஃபைலாக வைத்திருக்கிறேன். ஓடும் நேரம் 150 நிமிடம், அளவு 3.2 ஜிபிதான். 4.7 ஜிபி டிஸ்க்கில் எழுதப் போனால் ‘இடம் போதாது’ என்று வருகிறதே?

பதில்: அந்த 3.2 ஜிபியை மறந்துவிடுங்கள். டிவிடி பிளேயரில் ஓடுவதற்காக மென்பொருள் உங்கள் ஃபைலை எம்பெக்-2 வடிவத்துக்குப் புதிதாக மாற்றுகிறது. அப்போது அளவைத் தீர்மானிப்பவை ஓடும் நேரமும் பிட்ரேட்டும்தான் (பிட்ரேட் என்பது ஒரு நொடி வீடியோவுக்குச் செலவாகும் தரவின் அளவு). பழைய ஃபைலின் அளவுக்கு அதில் வேலையே இல்லை. ‘உயர் தரம்’ என்ற அமைப்பு நொடிக்கு 8 மெகாபிட் என்று இருந்தால், 150 நிமிடத்துக்கு 9 ஜிபி ஆகிவிடும்.

மனக்கணக்கு ஒன்று போதும்: 600-ஐ மொத்த நிமிடங்களால் வகுத்தால் கிடைப்பது நொடிக்கு எத்தனை மெகாபிட் என்ற எண். (4.7 ஜிபி என்பது 37,600 மெகாபிட். அதை 60-ஆல் வகுத்தால் 626 சொச்சம். மெனுவுக்கும் மற்றதுக்கும் கொஞ்சம் விட்டால் 600.) உங்களுக்கு 4 மெகாபிட். இதில் ஒலியும் அடக்கம். ஒலியை பிசிஎம் (சுருக்கப்படாத ஒலி) என்று விட்டால் அதுவே 1.5 மெகாபிட்டை விழுங்கிவிடும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ஒலியைச் சுருக்கி வைக்கும் டால்பி டிஜிட்டல், 192 கிலோபிட் என்று மாற்றுங்கள். படத்துக்கு 3.8 மெகாபிட் மிஞ்சும்.

பிட்ரேட் வகையில் விபிஆர் (காட்சிக்கேற்ப மாறும் பிட்ரேட்), இரண்டு பாஸ் (வீடியோவை இருமுறை அலசுவது) என்று தேர்ந்தெடுங்கள். சராசரி 3.8, உச்சம் 7.5. நேரம் இரட்டிப்பாகும், ஆனால் அசைவில்லாத காட்சியில் மிச்சமாகும் பிட்டுகள் நடனக் காட்சிக்குப் போய்ச் சேரும். ஸ்டாண்டில் வைத்து எடுத்த படத்துக்கு 3.8 தாங்கும். கையில் பிடித்து, மங்கிய வெளிச்சத்தில் எடுத்ததென்றால் கட்டம் கட்டமாக உடையும். அதற்கு எந்த அமைப்பும் மருந்தில்லை. அரை மணி நேரத்தை வெட்டுங்கள், மொத்தம் 5 மெகாபிட் கிடைக்கும்.

கேள்வி: டிஸ்க் உறையில் 4.7 ஜிபி. கணினியில் 4.38 என்கிறது. ஏமாற்றா?

பதில்: இல்லை. உறையில் 1,000-ஆல் பெருக்கிய கணக்கு, கணினியில் 1,024-ஆல் பெருக்கிய கணக்கு. அதனால் கணினி 4.5 ஜிபி என்று காட்டும் ஃபோல்டர் டிஸ்க்கில் ஏறாது. நேரடியாக டிஸ்க்கில் எழுதாமல், முதலில் ‘வீடியோ டிஎஸ்’ ஃபோல்டரை ஹார்டு டிஸ்க்கில் உருவாக்கி அளவைப் பாருங்கள். கூடினால் வீணாவது நேரம் மட்டும், டிஸ்க் அல்ல.

கேள்வி: டிஸ்க்கில் ஏறிவிட்டது. ஆனால் கடைசிப் பத்து நிமிடம் மட்டும் திக்கித் திக்கி ஓடுகிறது.

பதில்: டிஸ்க் உள்ளிருந்து வெளிப்பக்கமாக எழுதப்படும். விளிம்பில்தான் பிழைகள் அதிகம், கைரேகை படுவதும் அங்கேதான். கணினிக் கணக்கில் 4.2 ஜிபியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 16 எக்ஸ் வேகத்தை விட்டு 8 எக்ஸில் எழுதுங்கள். பேப்பர் லேபிள் ஒட்டியிருந்தால் சந்தேகம் முதலில் அதன் மேல்தான்: சற்றுக் கோணலாக ஒட்டினாலும் சுழலும்போது டிஸ்க் ஆடும்.

கேள்வி: 8.5 ஜிபி டூயல் லேயர் (இரண்டு அடுக்கு) டிஸ்க் வாங்கிவிடலாமா?

பதில்: இடம் தாராளம்தான். ஆனால் பழைய பிளேயர்கள் சில அதைப் படிக்காது, லேயர் மாறும் இடத்தில் படம் ஒரு கணம் நிற்கலாம். உறவினர்களுக்குப் பிரதி கொடுப்பதென்றால் இரண்டு சாதாரண டிஸ்க்குகளாகப் பிரித்துக் கொடுங்கள்.