கோடைப் பனிமலை ஏற்றம்: எதை வாங்கலாம், எதை வாடகைக்கு எடுக்கலாம்?

கேள்வி: கோடையிலும் பனி மிச்சமிருக்கும் மலையில் ஓர் இரவு தங்கி, விடியுமுன் உச்சிக்கு ஏறி, ஸ்கீயில் சறுக்கி இறங்க நினைக்கிறோம். ரிசார்ட்டில் பயன்படுத்தும் ஸ்கீ பூட்ஸ் இருக்கிறது. சீசன் முடிவுத் தள்ளுபடியில் டூரிங் ஸ்கீ (மலையேறவும் பயன்படும் ஸ்கீ) மட்டும் வாங்கினால் போதுமா?

பதில்: போதாது. முதலில் வாங்க வேண்டியது பூட்ஸ்தான். ஸ்கீயை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். டூரிங் ஸ்கீயில் பெரும்பாலும் பூட்ஸை ஊசிகளால் பிடிக்கும் ‘பின்’ (pin) பைண்டிங் இருக்கும். அதன் ஊசிகள் பூட்ஸின் முனையிலும் குதிகாலிலும் உள்ள உலோகக் குழிகளில்தான் பிடிக்கும். ரிசார்ட் பூட்ஸ் பெரும்பாலானவற்றில் அந்தக் குழிகள் கிடையாது. கணுக்காலைத் தளர்த்தும் நடை விசையும் இல்லையென்றால், மணிக்கணக்கான ஏற்றத்தில் கணைக்காலின் முன்பக்கமும் குதிகாலும் புண்ணாகிவிடும்.

பூட்ஸை மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும்போது, மலையில் போடப்போகும் அதே சாக்ஸுடன் போட்டுப் பாருங்கள். உள்ளுறையைக் கழற்றிவிட்டு, பூட்ஸின் வெறும் வெளி ஓட்டுக்குள் விரல்நுனி முன்பக்கம் தொடும்படி நின்றால், குதிகாலுக்குப் பின்னால் ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் இறங்கும்போது கால் உள்ளே ஆடும். உள்ளுறையைச் சூடாக்கி உங்கள் காலுக்கு வார்த்துவிட்டால் பொதுவாகத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அளவு உறுதியான பிறகே அதற்குச் சம்மதியுங்கள்.

ஸ்கீயும் வாங்கியே தீருவது என்றால், நடுப்பகுதி 85 முதல் 95 மில்லிமீட்டர் அகலம் போதும். புதுப்பனிக்கான அகல ஸ்கீ தள்ளுபடியில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், விடியற்காலைக் கெட்டிப் பனியில் அதன் விளிம்பு அவ்வளவு நன்றாகப் பிடிக்காது. ஓட்டின் பக்கவாட்டில் பூட்ஸ் அடிநீளம் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். பைண்டிங்கை அந்த நீளத்துக்குச் சரிசெய்து வாங்குங்கள்.

கேள்வி: பழைய ஸ்கீயும், ஏறும்போது வழுக்காமலிருக்க அதன் அடியில் ஒட்டும் ஸ்கின் பட்டையும் சேர்த்துக் கிடைக்கின்றன. எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: ஸ்கீயில் பைண்டிங் எத்தனை முறை துளையிட்டு மாட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பழைய துளைகள் நெருக்கமாக இருந்தால் திருகு பிடுங்கிக்கொள்ளும். விளிம்பு இரும்பில் விரிசல் இருந்தாலும் வேண்டாம்.

ஸ்கினின் பசையை ஸ்கீயில் ஒட்டி உரித்துப் பாருங்கள். லேசாகக் கழன்று வந்தாலோ, ஸ்கீயில் பசை படிந்தாலோ மறுபசை போடும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். ஸ்கினின் இரு பக்கமும் இரும்பு விளிம்பு வெளியே தெரிய வேண்டும். மூடியிருந்தால் சரிவில் பிடிமானம் போய்விடும். வெயில் ஏறிய ஈரப் பனியில் நனைந்த ஸ்கினின் அடியில் பனி கட்டிகட்டியாக அப்பும். ஸ்கின் மெழுகை ஏறத் தொடங்குமுன்பே தேய்த்துவிடுவது நல்லது.

கேள்வி: பூட்ஸின் அடியில் மாட்டும் பற்களுள்ள கிராம்பான் அலுமினியமா, எஃகா?

பதில்: பனி மட்டும்தான் என்றால் எடை குறைந்த அலுமினியம் போதும். நடுவே பாறையோ கெட்டி ஐஸோ வந்தால் எஃகுதான். பாறையில் அலுமினியப் பற்கள் சீக்கிரம் மழுங்கிவிடும். எதை வாங்கினாலும் உங்கள் பூட்ஸைக் கடைக்கு எடுத்துப் போங்கள். கிராம்பானை மாட்டி, பட்டையைக் கட்டாமல் உதறிப் பாருங்கள். கழன்று விழக் கூடாது. பனி அப்பாமல் தடுக்கும் அடித்தகடு கட்டாயம் வேண்டும்.

ஸ்கீயில் மாட்டும் கிராம்பான் வேறு. அது உங்கள் பைண்டிங்குக்கு உரியதாகவும், ஸ்கீயின் நடுப்பகுதியைவிடச் சில மில்லிமீட்டர் அகலமாகவும் இருக்க வேண்டும். தெளிந்த வானமுள்ள இரவில் பனி உறைந்து கெட்டியாகும் மலைச்சரிவில் ஸ்கின் மட்டும் தாங்காது. இரவு முழுக்க மேகம் மூடிப் பனி உறையவே இல்லையென்றால் எந்தக் கருவியும் உதவாது. ஈரப் பனி சரிந்து விழும் ஆபத்து அதிகம் என்பதால் அன்று ஏறாதீர்கள்.

கேள்வி: ஸ்லீப்பிங் பேக்கில் மைனஸ் 10 டிகிரி என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?

பதில்: அது எந்த எண் என்று பாருங்கள். ஐஎஸ்ஓ 23537 தரப்படி கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என வெவ்வேறு எண்கள் உண்டு. கம்ஃபர்ட் எண்ணை வைத்தே வாங்குங்கள். எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் தப்புவதற்கான எல்லை மட்டுமே. பனிமேல் படுக்கப் பாயின் ஆர்-மதிப்பு (உடல் சூடு தரைக்குப் போகாமல் தடுக்கும் திறன்) 4 அல்லது 5க்கு மேல் இருக்கட்டும். இரண்டு பாய்களை அடுக்கினால் மதிப்புகள் கூடும் என்பதால், கையிலுள்ள பழைய நுரைப்பாயை அடியில் போட்டும் சமாளிக்கலாம்.