அம்மாவின் முழங்கால் நோவுக்குச் சிவப்பு ஒளிக் கருவி வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

கனடாவில் இருக்கும் உங்கள் தம்பி சிவப்பு ஒளிப் பலகை ஒன்று வாங்கி அனுப்பவா என்று கேட்கிறார். அம்மாவின் முழங்கால், தங்கச்சியின் முகம், உங்கள் தலைமயிர் மூன்றுக்கும் அதையே பாவிக்கலாமா என்பது உங்கள் கேள்வி.

வாங்கலாம். ஆனால் மூன்றுக்கும் ஒன்று என்று நினைக்கும் இடத்தில்தான் காசு வீணாகத் தொடங்குகிறது. எந்த இடத்துக்கு என்று முதலில் முடிவெடுத்தால் எந்தச் சாமான் என்பது பாதி தானாகவே முடிவாகிவிடும்.

நான் வைத்தியன் இல்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இலத்திரனியல் சாமான் திருத்துகிறேன். வெளிநாட்டுப் பார்சல்களில் வரும் இந்தக் கருவிகள் இப்போது என் மேசைக்கும் வருகின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் கழற்றிப் பார்த்துச் சொல்கிறேன். உடம்புக்கு என்ன செய்யும் என்பதை, வாசித்ததையும் என் அம்மா பாவிப்பதையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு காட்டுகிற பெரிய சிவப்புப் பல்ப் இருக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றா என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. அது வெப்ப விளக்கு, சூட்டினால் தசை கொஞ்சம் இளகும், அவ்வளவுதான். சலரோகத்தால் கால் விறைத்துப்போனவர்களுக்கு அது ஆபத்தும்கூட, சுடுவது தெரியாமலே தோல் வெந்துவிடும். நாம் பேசும் கருவியில் இருப்பவை குறிப்பிட்ட அலைநீளத்தில் மட்டும் ஒளிவிடும் எல்ஈடிகள். 630 முதல் 660 நானோமீற்றர் வரை கண்ணுக்குத் தெரியும் சிவப்பு. 810 முதல் 850 வரை அண்மை அகச்சிவப்பு, இது கண்ணுக்குத் தெரியாது, அல்லது மங்கலாகத் தெரியும். 1967இல் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற வைத்தியர், எலிகளின் சிரைத்த முதுகில் லேசர் ஒளியைப் பாய்ச்சியபோது மயிர் வேகமாக முளைத்ததைக் கவனித்தார். இந்தத் துறை அங்கிருந்துதான் வளர்ந்தது. கலத்துக்குள் சக்தி தயாரிக்கும் இழைமணியில் உள்ள ஒரு நொதி இந்த ஒளியை உறிஞ்சுகிறது என்பதே பெரும்பாலானோர் சொல்லும் விளக்கம்.

கடைக்கு வரும் முறைப்பாடுகளில் முதலாவது இது: "தம்பி, இதில பாதி பல்ப் எரியேல்லை." எரிகின்றன. அவைதான் அந்த 850 பல்புகள். போனின் முன்பக்கக் கமெராவால் பாருங்கள், வெளிறிய ஊதாவாகத் தெரியும். டிவி ரிமோட்டின் நுனியைக் கமெராவில் பார்ப்பது போலத்தான். கமெராவிலும் ஒன்றும் தெரியாவிட்டால் மட்டும் கொண்டு வாருங்கள்.

இரண்டாவது விஷயம் வோட்ஸ். பெட்டியில் 300 வோட்ஸ் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அறுபது எல்ஈடி, ஒன்று 5 வோட்ஸ் என்று பெருக்கிப் போட்ட கணக்கு அது. மீற்றரில் போட்டுப் பார்த்தால் இழுக்கும் மின்சாரம் பெரும்பாலும் அதில் பாதியும் வராது. அதைப் பெரிய மோசடி என்றும் சொல்ல மாட்டேன், ஏனென்றால் வோட்ஸ் உங்களுக்குத் தேவையான இலக்கமே இல்லை. தோலில் வந்து விழும் ஒளி எவ்வளவு, அதாவது ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு எத்தனை மில்லிவோட், அதுவும் எவ்வளவு தூரத்தில் அளந்தது என்பதைத்தான் கேட்க வேண்டும். தூரம் சொல்லாமல் இலக்கம் மட்டும் சொல்லும் விளம்பரத்தைக் கடந்து போங்கள். மலிவான சூரிய ஒளி மீற்றரால் அளந்து இந்த இலக்கத்தைக் கூட்டிக் காட்டுகிறவர்களும் உண்டு. நூறுக்கு மேல் பெருமையாகப் போட்டிருந்தால் நான் மனதுக்குள் பாதியாக்கிக்கொள்வேன்.

அந்த இலக்கம் கிடைத்தால் மிச்சம் ஐந்தாம் வகுப்புக் கணக்கு. மில்லிவோட்டைச் செக்கனால் பெருக்கி ஆயிரத்தால் பிரித்தால் சதுர சென்ரிமீற்றருக்கு எத்தனை ஜூல் என்று வரும். 20 மில்லிவோட் விழும் தூரத்தில் பத்து நிமிடம், அதாவது 600 செக்கன் வைத்தால் 12 ஜூல். 50 மில்லிவோட் என்றால் அதே 12 ஜூலுக்கு நான்கு நிமிடம் போதும். ஆய்வுகளில் பாவிக்கும் அளவுகள் பெரும்பாலும் ஒரு சில ஜூலில் தொடங்கிச் சில பத்துகளுக்குள் அடங்குகின்றன. கூட வைத்தால் கூடப் பலன் என்பது இதில் செல்லாது. ஓர் அளவைத் தாண்டினால் பலன் குறையும் என்று ஆய்வுகூடங்களில் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். அரை மணித்தியாலம் முன்னால் இருந்து நாடகம் பார்ப்பதில் பிரயோசனம் இல்லை.

சரி, அம்மாவின் முழங்கால். சிவப்பு ஒளி தோலில் சில மில்லிமீற்றருக்குள்ளேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும். அண்மை அகச்சிவப்பு அதைவிட ஆழம் போகும், ஆனாலும் மூட்டு வரை போய்ச் சேருவது சிறு பங்குதான். ஆகவே தூரத்தில் வைக்கும் பலகையை விட, முழங்காலைச் சுற்றிக் கட்டும் பட்டி நல்லது. அதில் 660, 850 இரண்டும் இருக்கட்டும். வெறும் தோலில் கட்டுங்கள். சேலைக்கு மேலாகக் கட்டினாலோ, நோவுக்குப் பூசும் சித்தாலேபவைத் தடவியவுடனேயே கட்டினாலோ ஒளி குறையும், எரிச்சலும் வரலாம். வாரத்தில் மூன்று, நான்கு நாள், பத்து நிமிடம். சித்திரை வெயிலில் பட்டிக்குள் வியர்த்துத் தோல் கடிக்கும், துடைத்துவிட்டுக் கட்ட வேண்டும். ஆய்வு முடிவுகள் கலவைதான், சிலவற்றில் நோ குறைந்திருக்கிறது, சிலவற்றில் வித்தியாசம் இல்லை. என் அம்மாவுக்குப் படியேறும்போது நோ கொஞ்சம் குறைந்தது. அவர் அதே காலத்தில் இயன்மருத்துவர் காட்டிக் கொடுத்த தொடைப் பயிற்சியும் செய்தார், ஆகவே முழுப் புகழையும் பட்டிக்குக் கொடுக்க மாட்டேன். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் பயிற்சியைச் செய்யச் சொல்லுங்கள். முழங்கால் திடீரென்று வீங்கிச் சூடாகி, காய்ச்சலும் வந்தால் பட்டியை எடுத்து வைத்துவிட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

தலைமயிருக்கு வேறு சாமான், தொப்பி அல்லது சீப்பு வடிவில். பரம்பரையாக வரும் முடி உதிர்வுக்கு ஓரளவு சான்று உண்டு. ஹெயர்மக்ஸ் என்ற லேசர் சீப்புக்கு 2007இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ விற்பனை அனுமதி கொடுத்தது. மாதக்கணக்காகப் பாவிக்க வேண்டும், விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். வழுக்கை விழுந்து மினுங்கும் இடத்தில் ஒன்றும் முளைக்காது. எஃப்டிஏ பெயர் வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். "எஃப்டிஏ பதிவு" என்று சான்றிதழ்ப் படம் போட்டு விற்கிறார்களே, பதிவு என்பது கம்பனி தன் பெயரைக் கொடுத்திருக்கிறது என்பது மட்டுமே. எஃப்டிஏ அதற்குச் சான்றிதழ் கொடுப்பதே இல்லை.

தங்கச்சியின் முகம்தான் எனக்குக் கூடுதல் யோசனை. முகத்துக்கு விற்கும் எல்ஈடி முகமூடிகளில் சிவப்போடு நீல ஒளியும் சேர்ந்து வரும். எங்கள் நிறத் தோலை நீல ஒளி கறுப்பாக்கலாம். மங்கு உள்ளவர்களுக்குச் சூடும் ஆகாது. சிவப்பு ஒளியை எவ்வளவு தாங்கும் என்று அமெரிக்காவில் பரிசோதித்தபோது, வெள்ளைத் தோலுக்கு 480 ஜூல் வரை, நிறத் தோலுக்கு 320 வரை என்று வந்தது. வீட்டுக் கருவி கொடுப்பதை விட இது பல மடங்கு, ஆகவே பயம் வேண்டாம். ஆனால் வெள்ளைக்காரருக்கு எழுதிய நிமிடக் கணக்கை அப்படியே எடுக்காமல் பாதியில் தொடங்கச் சொல்லுங்கள். பருவுக்கு மருந்து குடிக்கிறவர், லூப்பஸ் நோய் உள்ளவர், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர் வைத்தியரைக் கேட்காமல் தொடவே கூடாது. கர்ப்பிணிகளும் அப்படித்தான்.

கண் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். 850 ஒளி கண்ணுக்குத் தெரியாததால் கண் தானாக மூடிக்கொள்ளாது. பலகைக்கு முன்னால் கண்ணாடி போட வேண்டும். 2019இல் நியூட்ரோஜீனா கம்பனி தன் ஒளி முகமூடியைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றதும் கண் பற்றிய கவலையால்தான். பிள்ளைகளின் கிட்டப்பார்வைக்குச் சிவப்பு ஒளி பார்க்க வைக்கும் கருவிகளும் ஒன்லைனில் வருகின்றன. சீனாவில் ஒரு சிறுமிக்கு விழித்திரை பாதிக்கப்பட்டது வைத்திய இதழில் பதிவாகியிருக்கிறது. வீட்டில் செய்யும் வேலை இல்லை அது.

இனி என் தொழில். கனடாவில் 120 வோல்ட், இங்கே 230. பட்டிகள் பெரும்பாலும் அடப்டரில் வேலை செய்யும், அதில் 100-240 என்று இருந்தால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். 120 மட்டும் போட்ட பலகையை இங்கே நேராகக் குத்தினால் புகை வரும், அப்புறம் என்னிடம் வந்தும் பெரிதாகப் பயன் இல்லை. லண்டனில் இருந்து வருவதற்கு வோல்ட் பிரச்சினை இல்லை. இரும்பு உடல் பலகைக்கு எர்த் கட்டாயம். பழைய நாற்சார் வீடுகளில் மூன்று ஓட்டைப் பிளக் இருக்கும், பின்னால் எர்த் வயர் இருக்காது. கை வைத்தால் சுள்ளென்று இலேசாகக் கரண்ட் அடிப்பது அதனால்தான். பலகையைக் குறை சொல்வதற்கு முதல் வயரிங் பார்க்கிறவரைக் கூப்பிடுங்கள்.

தம்பியிடம் இப்போதைக்குப் பலகை வேண்டாம், இரண்டு அலைநீளமும் உள்ள முழங்கால் பட்டி ஒன்றைப் பார்க்கச் சொல்லுங்கள். காசு கட்டுவதற்கு முதல் அடப்டர் லேபலையும், ஒளி அளவு எழுதிய பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இங்கே கருத்தில் போட்டால் பார்த்துச் சொல்கிறேன்.