இரவு நேர வாட்ஸ்அப் அழைப்புகள்: நம்பரை மாற்ற வேண்டாம்

மும்பை மாட்டுங்காவில் வீட்டிலிருந்தே இட்லிப் பொடி விற்கும் சகோதரிக்கு: ராத்திரி பதினொரு மணிக்கும் வாட்ஸ்அப் அழைப்பு வருகிறது, மகள் படம் போட்ட டிபியை (புரொஃபைல் படத்தை) முன்பின் தெரியாதவர்களும் பார்க்கிறார்கள், நம்பரையே மாற்றிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்றாதீர்கள். பேங்க், ஸ்கூல் குரூப் எல்லாம் அதில்தான் இருக்கும். வியாபாரத்தை மட்டும் அங்கிருந்து நகர்த்துங்கள்.

புது சிம் வாங்கி, அதே போனில் வாட்ஸ்அப் பிசினஸ் போடுங்கள். 2018-இல் வந்த ஆப், இலவசம்தான். ஒரே நம்பர் இரண்டிலும் ஓடாது. பதிவு செய்யும்போது தவறிக்கூடப் பழைய நம்பரைக் கொடுத்துவிடாதீர்கள். அந்த பிசினஸ் ஆப்பிலே ‘அவே மெசேஜ்’ இருக்கிறது. ‘ஆர்டர் காலை 9 முதல் மாலை 7 வரை’ என்று தமிழிலும் இந்தியிலும் எழுதி வைத்தால், நேரம் தாண்டி மெசேஜ் அனுப்புகிறவர்களுக்குத் தானாகவே பதில் போகும். பொடி வகைகளை விலையோடு அதிலுள்ள கேட்டலாக்கில் (பொருள் பட்டியலில்) ஏற்றிவிடுங்கள்.

அப்புறம், பழைய நம்பரில் செட்டிங்ஸ், பிரைவசி, கால்ஸ் போய் ‘சைலன்ஸ் அன்நோன் காலர்ஸ்’ போடுங்கள். தெரியாத நம்பர் அழைத்தால் மணி அடிக்காது, கால் பட்டியலிலும் நோட்டிபிகேஷனிலும் தெரியும். புது நம்பரில் இது வேண்டாம். முதல்முறை அழைக்கும் வாடிக்கையாளரும் அதில் அடங்கிவிடுவார். பழைய நம்பருக்குப் பெயர் சேமித்தவர்கள் அழைத்தால் மணி அடிக்கத்தான் செய்யும், அவர்களிடம் புது நம்பரைச் சொல்லிவிடுங்கள்.

டிபியை யார் பார்க்கலாம் என்பதற்கு ‘மை காண்டாக்ட்ஸ்’ போதாது, வாடிக்கையாளர்களும் உங்கள் போனில் இருப்பார்களே. ‘மை காண்டாக்ட்ஸ் எக்ஸெப்ட்’ எடுத்து ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுத்து மறையுங்கள். நேரம் பிடிக்கிற வேலைதான். ஆனால் குழந்தை படம். இன்றைக்கே இதை முதலில் முடித்துவிடுங்கள், சிம் நாளைக்கு வாங்கலாம்.