அக்காகிட்ட கேளுங்க: மொதல்ல ஒரு ஆணி அடிங்க

இந்த தடவ வந்த கேள்வியில பாதிக்கு மேல வீடு ஒதுக்குற கததான். மழ சீசன்ல எல்லாரும் வீட்டுக்குள்ளயே அடஞ்சு கெடக்குறதால போல, குமிஞ்சு கெடக்குற சாமான் அப்பதான் கண்ணுக்கு தெரியுது. எல்லாத்துக்கும் எழுத எடமில்ல, நாலு மட்டும் எடுத்துக்குறேன்.

கேள்வி: அக்கா, நாங்க இருக்குறது தோட்டத்து லயத்து வரிச வீட்டுல. ரெண்டு காம்பரா, முன்னால ஒரு இஸ்தோப்பு, பின்னால குசினி, அவ்ளோதான். மாமா, மாமி, நாங்க ரெண்டு பேரு, ஸ்கூல் போற புள்ளைங்க ரெண்டு. நான் டவுன்ல ஒரு கடைக்கு வேலைக்கு போறேன். ஞாயித்துக்கெழம ஒரு நாள்தான் லீவு, அன்னைக்கு காலையில புடிச்சா பகல் ரெண்டு மணி வரைக்கும் ஒதுக்குறேன், செவ்வாக்கெழம பாத்தா பழையபடி குப்ப. 21 நாள் விடாம செஞ்சா பழக்கமாயிரும்னு ஒரு வீடியோவுல சொன்னாங்க, 9வது நாள் சின்னவளுக்கு காய்ச்சல், அதோட விட்டுப்போச்சு. எனக்கு இதெல்லாம் வராதாக்கா? மாமி வேற ஒரு வெறும் டின்ன கூட வீச விடமாட்றாங்க.
— வாசகி, ஹட்டன்

பதில்: தங்கச்சி, மொதல்ல அந்த 21 நாள் கதைய முடிச்சிருவோம். அமெரிக்காவுல மேக்ஸ்வெல் மோல்ட்ஸ்னு ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், மூஞ்சில ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களுக்கு புது மூஞ்சி பழக குறைஞ்சது 21 நாள் ஆகுதுன்னு 1960ல எழுதுனாரு. காலப்போக்குல ‘குறைஞ்சது’ங்கிறது கழண்டு விழுந்துருச்சு, மூஞ்சியும் போயிருச்சு, 21 மட்டும் நின்னுக்கிச்சு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல 96 பேர வச்சு செஞ்ச ஆய்வு 2010ல வந்துச்சு, அதுல பகல் சாப்பாட்டோட ஒரு பழம் திங்கிறது மாதிரி சின்ன விஷயத்தத்தான் பழக சொன்னாங்க, அதுக்கே நடுவாந்தரமா 66 நாள் ஆயிருக்கு. சிலருக்கு 18 நாள், சிலருக்கு கணக்கு போட்டு பாத்தா 254 நாள். அதவிட உங்களுக்கு வேண்டிய சங்கதி என்னன்னா, நடுவுல ஒரு நாள் விட்டுப்போனா அதால பெருசா ஒண்ணும் கெட்டுப்போகலன்னும் அதுலயே இருக்கு. அதனால 9வது நாள் புள்ளைக்கு காய்ச்சல்னா 10வது நாளோ 12வது நாளோ விட்ட எடத்துல இருந்து புடிச்சுக்குங்க, திரும்ப ஒண்ணுல இருந்து எண்ண வேணாம்.

இப்ப வீட்டுக்கு வருவோம். பத்துக்கு பன்னெண்டு அடி காம்பரா ரெண்டுல ஆறு பேரு புழங்குனா சாமான் கலையத்தான் செய்யும், அத உங்க சோம்பேறித்தனம்னு யாராவது சொன்னா அவங்கள ஒரு வாரம் வந்து இருக்க சொல்லுங்க. ஞாயித்துக்கெழம நீங்க செய்யிறது என்ன? எல்லாத்தையும் எடுத்து, உங்களுக்கு அழகா தெரியிற எடத்துல வைக்கிறீங்க. அந்த எடம் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். திங்கக்கெழம எல்லாரும் அவங்கவங்க கை போற எடத்துல வைக்கிறாங்க, வீடு கலைஞ்சிருது.

அதனால வர்ற மூணு நாளைக்கு ஒண்ணும் ஒதுக்காதீங்க. சும்மா பாருங்க, எது எங்க விழுதுன்னு. எங்க வீட்டுல நான் அப்படி பாத்தப்போ, மகனோட ஸ்கூல் பேக் தெனமும் வாசக்கதவுக்கு பின்னால அதே மூலையில கெடந்துச்சு, நானும் தெனமும் திட்டிக்கிட்டே அத தூக்கி உள்காம்பராவுல அலமாரி மேல வைப்பேன், மறுநாள் திரும்ப அங்கதான். நாலு வருஷம் இந்த கூத்து. அப்புறம் ஒரு நாள் அந்த மூலையிலயே, அவன் தோள் ஒயரத்துக்கு, ஒரு ரீப்பர் கட்டைய அடிச்சு அதுல ரெண்டு பெரிய ஆணி அடிச்சேன் (பழைய சொவத்துல நேரா ஆணி அடிச்சா காரதான் பேந்து கொட்டும், கட்ட வேணும்). ஒண்ணு பேக்குக்கு, இன்னொண்ணு கொடைக்கு. நான் ஒரு வார்த்தையும் சொல்லல, ரெண்டாவது நாளே மாட்டிட்டான். ஒயரம் முக்கியம், நம்ம ஒயரத்துக்கு அடிச்சுட்டு புள்ள மாட்டலன்னு கத்தக்கூடாது. ஈரப் பாட்டா செருப்பு விழுற எடத்துல பழைய சாக்கு ஒண்ணு, மாமா மாத்தர வைக்கிற ஜன்னல் கட்டையில மூடி போட்ட டப்பா ஒண்ணு, சாவிக்கு சாமி தட்டுக்கு கீழ ஒரு ஆணி. காசு கொடுத்து பிளாஸ்டிக் ரேக் வாங்கிறாதீங்க, நான் சேல்ல மூணு வாங்கி, குப்பைய மூணு மாடியா அடுக்குனதுதான் மிச்சம்.

தேயில ஃபேக்டரிக்குள்ள போயிருந்தா சொவத்துல 5எஸ்னு போர்டு பாத்திருப்பீங்க. வேல செய்யிற எடத்த ஒழுங்கா வச்சுக்க ஜப்பான்காரங்க வச்ச மொற, ‘எஸ்’ல ஆரம்பிக்கிற அஞ்சு ஜப்பான் வார்த்த. செய்ரி, செய்டோன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே. வேண்டாதத கழி, மிச்சத்துக்கு எடம் வை, துடை, அத ஒரு மொறையா ஆக்கு, அப்புறம் யாரும் சொல்லாமயே செய். பழக்கம் அஞ்சாவதாத்தான் வருது பாருங்க, நாம நேரா அதுல இருந்து ஆரம்பிச்சு முக்குறோம்.

பழக்கத்துக்கு தனியா நேரம் ஒதுக்காதீங்க, அது கெடைக்காது. ஏற்கனவே தெனமும் நடக்குற ஒண்ணோட முடிஞ்சு போடுங்க. வேல விட்டு வந்து தேத்தண்ணிக்கு கேத்தல வைக்கிறீங்கல்ல, அது கொதிக்கிற வரைக்கும் இஸ்தோப்பு மட்டும். கொதிச்சதும் விட்டுருங்க, பாதியில கெடந்தாலும் சரி. ராத்திரி படுக்குறதுக்கு முன்னால கழுவாத சட்டி ஒண்ணும் இல்லாம பாத்துக்குங்க, காலையில எந்திரிச்சதும் எலி ஓடுன அடுப்பங்கரைய பாத்தா அன்னைக்கு பூரா மனசு சரியிருக்காது. இந்த ரெண்டும் நின்னதுக்கு அப்புறம் மூணாவத யோசிக்கலாம்.

மாமி விஷயம். 1973, 74ல தோட்டத்துல மாவுக்கும் அரிசிக்கும் பட்ட பாட்ட அவங்க சின்ன வயசுல பாத்திருப்பாங்க, வெறும் டின்ன வீச கை வராது, அத பிசுநாரித்தனம்னு நெனைக்காதீங்க. ஒரு உரப்பைய குடுத்து, மாமி இது உங்க பை, டின்னு, போத்தல், கடையில குடுக்குற சிலிசிலி பேக் எல்லாம் இதுக்குள்ள, நெறஞ்சா எத வீசுறதுன்னு நீங்களே சொல்லுங்கன்னு விட்டுருங்க. வெளிய மட்டும் வைக்க விடாதீங்க, தண்ணி நின்னா டெங்கு நுளம்பு முட்ட போட்டுரும்.

கேள்வி: எங்க வீட்டுல அலமாரிய தொறந்தாலே பூஞ்ச வாட. தொவச்சு மடிச்ச சாரியிலயும் வெள்ள வெள்ளையா புள்ளி. என்ன செய்யிறது?
— பண்டாரவளை வாசகி

பதில்: முக்காவாசி காஞ்ச துணிய காஞ்சிருச்சுன்னு மடிச்சு வைக்கிறதுதான் பாதி காரணம். கன்னத்துல வச்சு பாருங்க, ஜில்லுன்னு இருந்தா இன்னும் ஈரம் இருக்கு, ஒரு ராத்திரி கொடியிலயே கெடக்கட்டும். அலமாரிய வெளிச்சொவத்தோட ஒட்டி வைக்காதீங்க, நாலு வெரல் இடைவெளி விடுங்க, காத்து போகணும். கடையில விக்கிற சின்ன ஈரம் உறிஞ்சி டப்பா வாங்கலாம், இல்லாட்டி சுட்ட சுண்ணாம்புக் கல்லு, தண்ணி படாதது, ரெண்டு மூணு துண்ட வாயகன்ற போத்தல்ல பாதிக்கு போட்டு மேல துணி கட்டி அடித்தட்டுல வைங்க. ஈரத்த குடிச்சு குடிச்சு மாவா உதிர்ந்துரும், அப்ப மாத்தணும். புள்ளைங்க கைக்கு எட்டக்கூடாது, கண்ணுல பட்டா பொசுக்கிரும். உங்க பக்கத்துக்கு பெரிய மழ அக்டோபருக்கு மேலதான, ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் காத்தும் வெயிலும் இருக்கும், அதுக்குள்ள ஒரு நாள் அலமாரிய காலி பண்ணி கதவ தொறந்து போட்டு காய விடுங்க. மஸ்கெலியா பக்கம் உள்ளவங்களுக்கு இது தலகீழ், மே மாசத்துக்கு முன்னாலயே முடிச்சிரணும்.

கேள்வி: அப்பாவோட ஈபிஎஃப் காசு எடுக்க பேர்த் சர்டிபிகேட் கேட்டாங்க. வீட்டையே பொரட்டி ரெண்டு வாரத்துக்கு அப்புறம் மெத்தைக்கு அடியில கெடச்சிச்சு. பாத்தா அதுல ஒரு பேரு, ஐடென்டி கார்டுல இன்னொரு பேரு. பேப்பர எல்லாம் எப்படிதான் வச்சுக்கிறது?
— வாசகர், தலவாக்கலை

பதில்: தம்பி, நம்ம சனத்துக்கு பேப்பருங்கிறது சும்மா பேப்பர் இல்லங்கிறத நான் சொல்லியா தெரியணும். 1948ல பிரஜாவுரிமை சட்டம் வந்து நம்மள நாடில்லாதவங்களாக்கி, 1964ல இந்தியாவுக்கு இத்தன பேரு இலங்கைக்கு இத்தன பேருன்னு சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, கடைசியா மிச்சம் இருந்தவங்களுக்கு பிரஜாவுரிமை குடுத்து 2003ல 35ஆம் இலக்க சட்டம் வர்ற வரைக்கும், நீ எந்த நாட்டுக்காரன்னு கேட்டு கேட்டே தாத்தாமாருங்க காலம் போயிருச்சு. எங்க பாட்டி கடைசி வரைக்கும் டிரங்கு பெட்டி சாவிய இடுப்புல சொருகி வச்சிருந்தாங்க, உள்ள நகை ஒண்ணும் கெடையாது, நாலு மஞ்ச பேப்பர்தான்.

மொதல்ல, வீட்டுல எத்தன பேரோ அத்தன பிளாஸ்டிக் கவர். சாமானப் பிரிக்கிற மாதிரி பில்லு, பேங்க், ஆஸ்பத்திரின்னு பிரிச்சா ஆறு மாசத்துல எல்லாம் கலந்துரும், ஆள் வாரியா பிரிச்சா கலக்காது. அப்பாவோட கவர்ல அவரோட பேர்த் சர்டிபிகேட், கல்யாண பதிவு, ஐடென்டி கார்டு கொப்பி, ஈபிஎஃப் கணக்கு பேப்பர், கிளினிக் புத்தகம். எல்லா கவரையும் ஒரே தண்ணி போகாத பேக்குல போட்டு, படுக்குற எடத்துக்கு பக்கத்துல ஆணியில மாட்டுங்க, மெத்தைக்கு அடியில வேணாம். 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல்ல மண்ணு சரிஞ்சப்போ கட்டுன துணியோட ஓடுனவங்க எத்தன பேரு, அதுக்கப்புறம் பேப்பருக்கு அலைஞ்சவங்க எத்தன பேரு. கையில எடுத்துட்டு ஓடக்கூடிய மாதிரி இருக்கணும். ஃபோன்ல ஃபோட்டோவும் எடுத்து வேற ஊர்ல இருக்குற தங்கச்சிக்கோ மச்சானுக்கோ அனுப்பி வைங்க.

பழக்கம்னு பாத்தா ஒண்ணே ஒண்ணுதான்: சம்பளச் சீட்டு கைக்கு வர்ற அன்னைக்கே, பேக்கட்ட விட்டு எடுக்குறப்பவே கவருக்குள்ள போகணும். போடுறதுக்கு முன்னால ஈபிஎஃப் வெட்டுன வரிய ஒரு தடவ வாசிச்சு பாருங்க, உங்க பங்கு 8 சதவீதம், கம்பெனி போட வேண்டியது 12. பேரு மாறி இருக்குற விஷயத்த தள்ளிப்போடாம பிரதேச செயலகத்துல பதிவாளர் பகுதியில கேளுங்க, அப்பாவோடத செய்யிறப்பவே உங்க எல்லாரோடதையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுத்து எழுத்தா ஒப்பிட்டு பாத்துருங்க. ராமசாமி, ராமஸ்வாமி, பெருமாள் ராமசாமின்னு மூணு ஆளா நிக்கிற ஒரே ஆளு நம்ம தோட்டங்கள்ல நெறைய உண்டு.

கேள்வி: அக்கா, அண்ணன் சாப்ட்ட கோப்பைய கூட எடுக்க மாட்டான். அம்மா என்னய மட்டும்தான் ஒதுக்க சொல்றாங்க. நான் ஓஎல் பரீட்சைக்கு படிக்கிறேன்.
— பேர் போடாதீங்க, நுவரெலியா

பதில்: போடல. அம்மா, நீங்க இத வாசிச்சுக்கிட்டு இருப்பீங்கன்னு நம்பித்தான் எழுதுறேன்: ஃபேக்டரியில 5எஸ் போர்டுக்கு கீழ நின்னு கூட்டி தொடைக்கிறதுல ஆம்பளைங்களும் இருக்காங்க, சம்பளம் குடுத்தா வர்ற கை வீட்டுலயும் வரும். பரீட்ச முடியிற வரைக்கும் ராத்திரி கோப்ப கழுவுறது அண்ணன். நுவரெலியா பைப் தண்ணி ராத்திரியில எவ்ளோ ஜில்லுன்னு இருக்கும்னு அவருக்கும் தெரியட்டும், ரெண்டே வாரத்துல சாப்ட்ட கையோட, வெளிச்சம் இருக்கப்பவே கழுவி வச்சிருவாரு.