‘நூறு வீதம் மெரினோ’ இறுகவே இல்லை, யார் குற்றம்?

கேள்வி: இணையத்தில் கைவினைப் பொருள் விற்கும் ஒரு பக்கத்தில் ‘நூறு வீதம் மெரினோ கம்பளி, ஃபெல்டிங் வேலைக்கு’ என்று போட்டிருந்ததை நம்பி 200 கிராம் வாங்கினேன். (மெரினோ என்பது ஒரு செம்மறி இனம். ஃபெல்டிங் என்றால் நெய்யாமல், பின்னாமல், கம்பளி இழைகளை ஒன்றோடொன்று இறுக வைப்பது.) வீடியோவில் காட்டியபடி சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டு இரண்டு மணி நேரம் தேய்த்தேன். ஃபெல்ட் ஆகவில்லை. நனைந்த பஞ்சு மாதிரி வழுக்கிக்கொண்டு பிரிந்து வருகிறது. விற்றவரோ, ‘உங்களுக்குச் செய்யத் தெரியவில்லை, விற்றதைத் திருப்பி எடுப்பதில்லை’ என்கிறார். என்ன செய்யலாம்? (ஹட்டன் வாசகி)

பதில்: சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். முதலில் அது கம்பளிதானா என்று பார்த்துவிடுங்கள். சின்னத் திரி ஒன்றைக் கிள்ளி இடுக்கியில் பிடித்து, சிங்க்குக்கு மேலே வைத்து நெருப்புக்குச்சியைக் காட்டுங்கள். ஆட்டு ரோமமாக இருந்தால் நெருப்பை விட்டு விலகிச் சுருளும், குச்சியை எடுத்ததும் தானாக அணையும், முடி கருகிய நாற்றம் வரும். மிஞ்சும் கரியை விரலால் நசுக்கினால் தூளாகிவிடும். அக்ரிலிக், பொலியெஸ்டர் போன்ற செயற்கை இழை என்றால் உருகிச் சொட்டும். ஆறிய பிறகு மிளகு மாதிரிக் கட்டியாக நிற்கும், நசுங்காது. அந்தச் சொட்டு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், கவனம். நெருப்புக்குப் பயமென்றால், வெள்ளை உடுப்புக்குப் போடும் குளோரின் ப்ளீச்சில் ஒரு கிள்ளு போட்டு இரவு முழுக்க விடுங்கள். கம்பளி கரைந்து போகும், அக்ரிலிக் அப்படியே கிடக்கும். ப்ளீச்சோடு வேறு எந்தக் கழுவும் திரவத்தையும் கலக்கக் கூடாது.

உருகினால் நியாயம் உங்கள் பக்கம். கருகினால்தான் சிக்கல், ஏனென்றால் எல்லாக் கம்பளியும் இறுகாது. ஆட்டு ரோமத்தின் மேல், லயத்துக் கூரைத் தகரம் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருப்பதுபோல, கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. சூடும் ஈரமும் உரசலும் சேரும்போது இழைகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொண்டு பின்வாங்க முடியாமல் நிற்கின்றன. ஃபெல்ட் என்பது அதுதான். ஆனால் மெஷினில் துவைத்தாலும் சுருங்காத உடுப்புக்கென்று ‘சூப்பர்வாஷ்’ கம்பளி வருகிறது. அதில் செதிலை இரசாயனத்தால் மழுக்கியிருப்பார்கள், அல்லது மேலே மெல்லிய பூச்சுப் போட்டிருப்பார்கள். அது அசல் மெரினோதான், ஆனால் விடியும்வரை தேய்த்தாலும் இறுகாது.

இதை நான் அனுபவித்தே படித்தேன். அக்கா மகளுக்குச் சப்பாத்து செய்ய வான்நீலக் கம்பளி வாங்கி மூன்று இரவு தேய்த்தேன். மூன்றாம் நாள்தான் பக்கெட்டின் பின்பக்கச் சிற்றெழுத்தில் ‘மெஷினில் துவைக்கலாம்’ என்று இருந்ததைப் பார்த்தேன். கடைக்காரரை என்ன சொல்ல முடியும்? அவர் பொய் சொல்லவில்லை. உங்கள் விஷயம் வேறு. ‘ஃபெல்டிங் வேலைக்கு’ என்று எழுதியே விற்றிருக்கிறார்.

ஆனாலும் ஒரு கிள்ளு எடுத்து இன்னொரு தடவை செய்து பாருங்கள், கையிலும் பிழை இருக்கலாம். நம் மலைக்குளிரில் சுடுதண்ணீர் கிண்ணத்தில் ஊற்றி முடிப்பதற்குள் வெதுவெதுப்பாகிவிடும். ஃபிளாஸ்க்கில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். நுரை அதிகமானால் இழைகள் உரசாமல் மிதக்கும். எடுத்த எடுப்பில் அழுத்தித் தேய்த்தாலும் இழை விலகும். முதல் ஐந்து நிமிடம் குழந்தைக்கு முதுகு தடவுகிற மாதிரித்தான் தடவ வேண்டும். பிறகு மேற்பரப்பைக் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். இழை தனியாக வந்தால் இன்னும் வேலை இருக்கிறது. முழுத் துண்டும் தோல் மாதிரிச் சேர்ந்து எழும்பினால் பிடித்துவிட்டது. அந்த ஒரு நொடிக்காகத்தான் நாங்களெல்லாம் இந்தக் கிறுக்கை விடாமல் வைத்திருக்கிறோம்.

அப்படியும் பிடிக்காவிட்டால் முறைப்பாடு செய்யுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, பொருளின் வகை, தரம் பற்றிப் பொய்யாகச் சொல்லி விற்பது குற்றம். வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். விசாரிக்க 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். அதற்கு முன்னால் விளம்பரத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள், ஏனென்றால் பதிவை மாற்ற அரை நிமிடம் போதும். பணம் போட்ட பற்றுச்சீட்டு, அவர் அனுப்பிய பதில், தண்ணீர் படாத ஒரு பிடி கம்பளி ஆகியவையும் கையில் இருக்கட்டும். எல்லாவற்றையும் தேய்த்துத் தீர்த்துவிட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. அடுத்த தடவை 20 கிராம் மட்டும் வாங்கிச் செய்து பார்த்துவிட்டு மிச்சத்துக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: ஊசி ஃபெல்டிங் (தண்ணீர் இல்லாமல், பக்கத்தில் சிறு முட்கள் உள்ள ஊசியால் கம்பளியைக் குத்திக் குத்தி இறுக்குவது) பழகுகிறேன். ஒரே கிழமையில் ஐந்து ஊசி உடைந்துவிட்டது. மலிவு ஊசி விற்று ஏமாற்றிவிட்டார்களா? (தலவாக்கலை வாசகர்)

பதில்: இருக்கலாம், ஆனால் உடைப்பது பெரும்பாலும் கைதான். இந்த ஊசி முதலில் இயந்திரத்துக்காகச் செய்யப்பட்டது. இயந்திரம் நேராகக் குத்தி நேராக எடுக்கும். நாமோ குத்திவிட்டு உள்ளேயே நெம்புகிறோம். கடினமான உருக்கு வளையாது, முறியும். போன வழியிலேயே வெளியே வந்தால் ஒரே ஊசி நெடுநாள் உழைக்கும்.

வாங்கும்போது எண் கேளுங்கள். எண் கூடக் கூட ஊசி மெல்லியது. 36 உருவம் பிடிக்க, 38 பொது வேலைக்கு, 40 கடைசி மெருகுக்கு. எண் சொல்லாமல் ‘கலவை பக்கெட்’ என்று விற்றால் விட்டுவிடுங்கள். நல்ல ஊசி கம்பளிக்குள் இறங்கும்போது மெல்லிதாகக் ‘கறுக்’கென்று சத்தம் வரும். சத்தம் நின்றால் முள் தேய்ந்துவிட்டது.

அடியில் வைக்கும் ஸ்பொஞ்சுக்கும் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். சணல் சாக்கில் சின்னப் பை தைத்து அரிசி நிரப்புங்கள், அது போதும். முறிந்த நுனி உள்ளே மாட்டினால் காந்தத்தால் தேடி எடுங்கள். கிடைக்காவிட்டால் அந்தப் பொம்மை குழந்தை கைக்குப் போகக் கூடாது.

கேள்வி: இறக்குமதிக் கம்பளி விலை கட்டுப்படியாகவில்லை. நுவரெலியா பேல் பஜாரில் (குளிர் உடுப்பு விற்கும் சந்தை) ஸ்வெட்டர் வாங்கி ஃபெல்ட் செய்யலாமா? யாழ்ப்பாணத்து மாமா செம்மறி ரோமம் அனுப்புவதாகவும் சொல்கிறார். (ராகலை வாசகி)

பதில்: மாமாவுக்கு நன்றி சொல்லி நிறுத்திவிடுங்கள். யாழ்ப்பாணச் செம்மறியின் உடம்பில் இருப்பது வெள்ளாட்டுக்கு இருப்பது மாதிரி வெறும் மயிர், இறுகுகிற கம்பளி இல்லை.

பேல் பஜார் நல்ல யோசனை. ஆனால் தடிப்பையும் சூட்டையும் பார்த்து ஏமாறாதீர்கள், குளிருக்கு வரும் ஸ்வெட்டரில் நிறைய அக்ரிலிக்தான். கழுத்திலோ விலாப் பக்கத்திலோ உள்ள லேபலைத் திருப்பிப் பாருங்கள். கம்பளி 80 வீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். கூடவே, தண்ணீர்த் தொட்டிக்குள் கை விட்ட படமோ, தண்ணீரே கூடாதென்ற குறியோ இருந்தால் எடுங்கள். மற்றவர்கள் ‘ஐயோ, சுருங்கிவிடும்’ என்று ஒதுக்குகிற ஸ்வெட்டர்தான் நமக்கு வேண்டியது. மெஷினில் துவைக்கலாம் என்றிருந்தால் வேண்டாம். வெளிச்சத்தில் பிடித்து அந்துப்பூச்சி ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வீட்டில் சுடுதண்ணீரில் போட்டு அலசிப் பிசைந்தால் பின்னல் கண் மறைந்து தடித்த துணியாகும். வெட்டினாலும் ஓரம் பிரியாது. அப்பாயி மழைக்குத் தலையில் போட்டுக்கொண்டு கொழுந்தெடுக்கப் போன கம்பளி வீட்டில் இருந்தால் தடவிப் பாருங்கள். வருடக்கணக்கில் மழையும் உரசலும் பட்டு அதுவும் பாதி ஃபெல்ட்தான். அதை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

இன்னொன்று: புத்தகக் கடையில் பிள்ளைகளின் கைவேலைக்கு விற்கும் வண்ண ‘ஃபெல்ட்’ தாள் அநேகமாகப் பொலியெஸ்டர். வெட்டி ஒட்ட நல்லது. வேறு ஒன்றையும் அதில் எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: ஒரு நினைவுப்பொருள் கடையில் கையால் செய்த ஃபெல்ட் மரை, கையளவுதான், 4,500 ரூபாய். அநியாயம் இல்லையா? (கண்டி வாசகர்)

பதில்: அதில் கம்பளிக் காசு கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் குத்திய குத்து. கையளவு மிருகம் ஒன்றை இறுக்கமாகச் செய்ய எனக்கு இரண்டு முழு நாள் போகும். விலையை விடுங்கள், வயிற்றை அழுத்திப் பாருங்கள். இறுகிய பந்துபோல் எதிர்த்தால் வாங்கலாம். விரல் உள்ளே அமிழ்ந்தால் அவசர வேலை, இரண்டு மாதத்தில் மரை மாடாகிவிடும். காலுக்குள் கம்பி இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் அலுமாரிக்குச் சரி, பேரப்பிள்ளைக்கு வேண்டாம்.