மாமரத்தில் இருப்பது புல்லுருவி இல்லை, மண்ணில் நடாதீர்கள்

கேள்வி: அழகர்கோவில் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறேன். இரண்டு பழைய மரங்களில் பட்டை பட்டையான இலையோடு புல்லுருவி மாதிரி ஒன்று ஒட்டி வளர்கிறது. பூ வாசனையாக இருக்கிறது. மரத்தைக் கெடுத்துவிடுமோ என்று ஒரு கொத்தைப் பிடுங்கி, செம்மண்ணும் தொழுவுரமும் கலந்து தொட்டியில் வைத்தேன். மூன்றே வாரத்தில் வேர் அழுகிவிட்டது. மிச்சத்தை வெட்டிவிடவா? வளர்க்க முடியுமா? படம் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: அரிவாளைக் கீழே வையுங்கள் அண்ணே. படத்தில் இருப்பது வாண்டா டெசலேட்டா என்ற ஆர்க்கிட். மஞ்சளும் பழுப்புமாகக் கட்டம் போட்ட லுங்கி மாதிரி இதழ், நடுவில் ஊதா நாக்கு, இதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். டெசலேட்டா என்றாலே கட்டம் போட்டது என்றுதான் அர்த்தம். இந்தியா, இலங்கை, பர்மா வரை இயற்கையாக இருக்கிற செடி, நம்ம வெயில் அதற்குப் புதுசில்லை.

புல்லுருவி என்றால் கிளைக்குள்ளேயே வேரை இறக்கிச் சாறு குடிக்கும், ஒட்டிய இடத்தில் கிளை முண்டு முண்டாக வீங்கியிருக்கும். உங்கள் மரத்தில் கையை வைத்துப் பாருங்கள், வேர் பட்டைக்கு மேலே சும்மா படர்ந்திருக்கும், உள்ளே போகாது. மரத்தை அது இருக்க இடமாக மட்டும்தான் வைத்திருக்கிறது, காய்ப்புக்கு ஒரு கெடுதலும் இல்லை.

அழுகியதற்குக் காரணம் மண்தான். அந்த வெள்ளை வேரின் மேல்தோல் பஞ்சு மாதிரி. மழையோ பனியோ பட்டால் உறிஞ்சிப் பச்சையாகும், காற்றில் காய்ந்து மறுபடி வெளுக்கும். நனைவதும் காய்வதும் மாறி மாறி நடக்க வேண்டும். செம்மண்ணில் புதைத்தால் எங்கே காய்வது? அதிலும் தொழுவுரம் வேறு!

வளர்க்க ஆசையென்றால் மரக்கூடையில் ஓட்டுச்சில்லு, அடுப்புக்கரி, தேங்காய் மட்டைத் துண்டு போட்டுத் தொங்கவிடுங்கள். அல்லது சொரசொரப்பான மரத்துண்டில் சணலால் கட்டிவிடுங்கள், வேர் பிடித்ததும் சணல் தானாக மக்கிவிடும். பாதி வெயில், பாதி நிழல் போதும், ஐம்பது சதவீத நிழல்வலை சரியாக இருக்கும். இலை கரும்பச்சையாக நீண்டுகொண்டே போய்ப் பூவே வரவில்லையா, வெளிச்சம் பத்தவில்லை என்று அர்த்தம். காலையில் வேர் பச்சையாகும்வரை தண்ணீர் தெளியுங்கள், சித்திரை, வைகாசியில் இரண்டு வேளை. குருத்தில் தண்ணீர் தேங்கி ராத்திரி முழுக்க நின்றால் அழுகிவிடும், அதனால் சாயங்காலம் தெளிக்கும்போது கவனம். நம்ம பக்கத்து உப்புத் தண்ணீரால் வேரில் வெள்ளைப் படிவு கட்டி நுனி கருகும், அதனால் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்தால் நல்லது. 19:19:19 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது) லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராமுக்கு மேல் போகாமல் வாரம் ஒரு முறை, அதுவும் வேர் நனைந்த பிறகு. இதில் தாராளம் காட்டினால் செடி போய்விடும்.

விற்றுக் காசு பார்க்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். மாட்டுத்தாவணியில் மல்லிகையைக் கொட்டுகிற மாதிரி இதைக் கொட்ட முடியாது, கடையில் விற்கிற ஆர்க்கிட் பூ பெரும்பாலும் டென்ட்ரோபியம் என்ற வேறு ஆர்க்கிட் வகையின் கலப்பினம். விதையும் தூசி மாதிரி, இயற்கையில் பூஞ்சை துணைக்கு இல்லாமல் முளைக்காது, அதனால் நாற்றை ஆய்வுக்கூடத்தில்தான் வளர்க்கிறார்கள். உங்களிடம் உள்ள செடி உயரமானால், மூன்று நான்கு வேரோடு தலைப்பகுதியை வெட்டி வையுங்கள், அடித்தண்டு பக்கக்கன்று விடும். அழகர்மலை, சிறுமலைக் காட்டுக்குள் போய்ப் பிடுங்கும் வேலை மட்டும் வேண்டாம், வனத்துறை கேஸ் போட்டுவிடும்.

தொட்டியில் வைத்த அந்தக் கொத்தின் குருத்து இன்னும் பச்சையாக இருக்கிறதா? இருந்தால் இன்றைக்கே எடுத்துக் கழுவி, நசநச என்றிருக்கும் வேரையெல்லாம் நறுக்கிவிட்டு, லிட்டருக்கு ஒரு கிராம் கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து கலந்த தண்ணீரில் பத்து நிமிஷம் முக்கி, ஒரு நாள் நிழலில் காயவிட்டு மாமரத்து நிழலிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். புது வேர் பச்சை நுனியோடு எட்டிப் பார்க்கும்வரை உரம் போடாதீர்கள்.